பத்தொன்பதாம் படி

கோதண்டபாணியைப் பற்றி எழுத எனக்கு யோக்கியதை இல்லை. ஆனால் அவர் கதையை முழுசாகத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். அதில் பாதி நான் இழுத்து வைத்த வினை என்பதால், வெட்கத்தோடுதான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

அவர் முசரவாக்கத்துக்காரர், பயிர்வேலைக் குடும்பம். நிலம் நான்கு பங்காகிக் கைக்கு ஒன்றும் மிஞ்சாமல் போனதும், காஞ்சிபுரம் பஸ் நிலையத்துக்கு எதிரே ஒரு ஓட்டலில் சரக்கு மாஸ்டராகச் சேர்ந்தார். ஜிலேபி, மைசூர்பாகு, பக்கோடா எல்லாம் அவர் கைப்பாகம். பங்குனி பிறந்தால் ஓட்டலுக்கு லீவு சொல்லிவிட்டு எங்கள் கூத்துக் குழுவோடு கிளம்பிவிடுவார். குழுவில் அவர்தான் அர்ச்சுனன். நான் கட்டியக்காரன். ராஜா வருகிறார் என்று அறிவிப்பதும், நடுநடுவே ஜனங்களைச் சிரிக்க வைப்பதும் என் வேலை. பரசுராமன் என்று எனக்கு ஒரு பெயர் உண்டு, ஊரில் யாரும் அதைப் பயன்படுத்துவதில்லை. கோமாளி என்றால்தான் என்னைத் தெரியும்.

திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம் நடக்கும்போது அர்ச்சுனன் தபசு என்று ஒரு நாள் வரும். மைதானத்தில் ஒரு முழுப் பனைமரத்தை நட்டு, குறுக்கே கட்டை அடித்துப் படி வைத்து, உச்சியில் ஒரு பலகை கட்டியிருப்பார்கள். அர்ச்சுனன் வேஷக்காரர் படிக்கு ஒரு பாட்டுப் பாடிக்கொண்டே ஏற வேண்டும். உச்சியில் நின்று சிவனை வேண்டி, வில்வமும் விபூதியும் எலுமிச்சம்பழமும் கீழே போடுவார். பிள்ளை இல்லாத பெண்கள் பட்டினி கிடந்து, ஈரப்புடவையோடு மரத்தடியில் மடியேந்திக் காத்திருப்பார்கள். சுற்றி நிற்கும் கூட்டத்துக்கு அது கூத்து. அந்தப் பெண்களுக்கு எல்லா ஆஸ்பத்திரியும் ஏறி இறங்கிய பிறகு மிச்சம் இருக்கிற ஒரே வாசல்.

பதினான்கு வருஷம் கோதண்டபாணி அந்த மரம் ஏறினார். முதல் வருஷங்களில் அணில்தான். பிறகு ஓட்டல் சோறு வேலையைக் காட்டியது. பாகு பதம் பார்க்க ஒரு கரண்டி, உப்பு பார்க்க ஒரு கைப்பிடி பக்கோடா என்று ஆரம்பித்து, அர்ச்சுனன் கவசத்துக்கு ஒவ்வொரு வருஷமும் முதுகுப் பக்கம் புதுக் கயிறு தேவைப்பட்டது. "வில்லைத் தொப்பை மேலயே சாத்தி வெச்சிக்கலாம்பா, கைவலி இல்ல" என்று மேடையிலேயே நான் கிண்டல் செய்வேன். ஜனங்கள் சிரிப்பார்கள், அவரும் சிரிப்பார்.

எழுபத்தொன்றாம் வருஷம் சித்திரையில், மாகறலுக்குத் தெற்கே ஒரு சின்ன ஊரில் சிரிப்பு நின்றது. மரத்துக்கு நாற்பத்தொரு படி. பத்தொன்பதாம் படியில் பாட்டு பாதியில் அறுந்தது. நிமிர்ந்து பார்த்தேன். இரண்டு கையாலும் மரத்தைக் கட்டிக்கொண்டு நிற்கிறார். கால் ஆடுகிறது. மேலே போகவும் இல்லை, இறங்கவும் இல்லை. கீழே பன்னிரண்டு பெண்கள் மடியேந்தி அண்ணாந்து பார்த்தபடி இருக்கிறார்கள். கூட்டத்தில் முணுமுணுப்பு கிளம்பியது.

அப்போதுதான் நான் வாயைத் திறந்தேன். "பத்தொன்பதாம் படியிலேயே பரமசிவன் மனம் இரங்கிவிட்டார்! அங்கேயே நில், வரம் தருகிறேன் என்கிறார்! மடியேந்துங்கள் தாய்மார்களே!" என்று தொண்டை கிழியக் கத்தினேன். கூட்டம் கோவிந்தா போட்டது. அவர் அங்கே நின்றபடியே பழங்களைப் போட்டார். ஒரு பழம் அம்சவேணியின் மடியில் விழுந்தது. அந்த ஊர்ப் பெரியவர் முனிரத்தினத்தின் மருமகள் அவள், கல்யாணமாகி ஆறு வருஷம் பிள்ளை இல்லாதவள். பழத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு அழுதாள்.

நண்பனின் மானத்தைக் காப்பாற்றிவிட்டேன் என்று எனக்கு ஒரே பெருமை. திரும்பும்போது பஸ்ஸில் அதைச் சொல்லியும் காட்டினேன். அவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே பேசினார்.

"முடியலைன்னு நான் சொல்லியிருப்பேன்பா. ஒரு நாள் சிரிச்சிட்டுப் போயிருப்பாங்க. நீ சாமி பேரைச் சொல்லிட்ட. பட்டினி கெடந்த பொண்ணுங்களுக்குப் பாதி மரத்துலேர்ந்து பழத்தைப் போட்டுட்டு, சாமி சொல்லிச்சின்னு எறங்கி வந்துக்கீறேன். இதை நான் எங்க போயி கழுவறது?"

எனக்குக் கோபம்தான் வந்தது. உதவி செய்தவனுக்கு இதுவா மரியாதை என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேன்.

ஒரு வாரம் கழித்து அவரே வந்து, கூட வா என்று என்னை அழைத்துப் போனார். நெசவுத் தெரு ஒன்றின் பின்பக்கம் ஓலைக் கொட்டகை, தேகப்பயிற்சிக் கழகம். தறியில் இறங்குவதற்கு முன்பு விடிகாலையில் நெசவுப் பையன்கள் வந்து தண்டால் எடுப்பார்கள், கர்லாக்கட்டை சுற்றுவார்கள். நடத்துகிறவர் சபாபதி, அவரும் பட்டு நெசவாளி, வயது இருபத்தேழு. கோதண்டபாணிக்கு நாற்பத்தொன்று. சட்டையைக் கழற்றச் சொன்னதும் அவர் துண்டால் வயிற்றை மூடிக்கொண்டு நின்றதை என்னால் பார்க்க முடியவில்லை. பையன்கள் கிசுகிசுத்தார்கள். சபாபதி ஒரு முறை முறைத்தார், அடங்கிவிட்டார்கள்.

முதல் நாள் ஆறு தண்டாலில் மூச்சு நின்றது. கம்பியில் தொங்கச் சொன்னார்கள். ஏழு எண்ணுவதற்குள் கீழே விழுந்தார். சபாபதி ஒரு பட்டு நூலை எடுத்து அவர் இடுப்பைச் சுற்றி அளந்து, முடிச்சுப் போட்டு, அனுமார் படத்துக்குக் கீழே ஆணியில் மாட்டினார்.

"தறியில குந்திக்கினு இருக்கறப்போ எவ்ளோ நெய்ஞ்சோம்னு தெரியாதுண்ணே. அளந்தாத்தான் தெரியும். அமாவாசைக்கு அமாவாசை அளப்போம்" என்றார். அமாவாசையன்று அந்தத் தெருவில் தறி ஓடாது.

அன்றிலிருந்து அதுதான் கணக்கு. அமாவாசைக்கு அமாவாசை அந்த நூலை இடுப்பில் சுற்றிப் பார்த்து, மிஞ்சிய நுனியைச் சபாபதி வெட்டிக் கொடுப்பார். அதே நாள் பஸ் நிலையத்தில் எடை மெஷின் மேல் ஏறுவார். ஓட்டல்காரர்கள் கண்ணில் படாமல், கடைகள் திறப்பதற்கு முன்பே, தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு. காசு போட்டால் சின்ன அட்டை வந்து விழும். ஒரு பக்கம் எடை, மறுபக்கம் பலன். முதல் அட்டையில் எண்பத்தெட்டு கிலோ. 'உங்கள் செல்வாக்கு நாளுக்கு நாள் பெருகும்' என்று பலன். "இதுக்கு மேலயாபா?" என்றேன். அவர் சிரிக்கவில்லை. அட்டையையும் நூல் துண்டையும் தபசுப் பாட்டு நோட்டில் வைத்து, ஓரத்தில் தண்டால் எத்தனை, கம்பியில் எத்தனை என்று குறித்துக்கொண்டார்.

ஆனியில் எண்பத்தாறு. ஆடியிலும் அதே எண்பத்தாறு. புரட்டாசியில் எண்பது, கம்பியில் முதல் தடவையாக முகவாய் மேலே வந்தது. ஐப்பசியில் தீபாவளிச் சரக்கு போட ராவும் பகலும் அடுப்படியில் நின்றவர் எண்பத்துமூன்றுக்குப் போய்விட்டார். நூலும் எட்டவில்லை. அந்த அட்டையைக் கிழிக்கப் போனவரைச் சபாபதிதான் தடுத்தார், ஏறினதும் கணக்குதான், உள்ளே வையுங்கள் என்று. அன்று அவர் கொட்டகை மூலையில் உட்கார்ந்து அழுதார். நாற்பத்தொரு வயது ஆள், பையன்கள் முன்னால், மைசூர்பாகுக்காக அழுதார். நான் வெளியே போய் நின்றுகொண்டேன்.

கார்த்திகைக்குப் பிறகு உடம்பு வேகமாக இறங்கியது. அதோடு ஒரு புதுத் தொல்லையும் வந்தது. நம் ஊரில் ஒருவன் பெருத்தால் நல்லா இருக்கிறான் என்பார்கள், இளைத்தால் வியாதி என்பார்கள். ஓட்டல் முதலாளி சர்க்கரையா என்று கேட்டார். பக்கோடா வாங்க வருகிறவர்களெல்லாம் எட்டிப் பார்த்து உச்சுக் கொட்டினார்கள். வீட்டில் அவர் மனைவி ஜெயம்மாள் மாவிளக்கு வேண்டிக்கொண்டாள். யாரிடமும் அவர் உண்மையைச் சொல்லவில்லை. ஏற முடியாமல் போன அர்ச்சுனன் இந்த வயதில் கர்லா சுற்றுகிறான் என்று தெரிந்தால் இன்னொரு சிரிப்பு என்று பயம். "ஏறிக் காட்டிட்டு நானே சொல்றேன்பா. அதுவரைக்கும் நீ வாயைத் தொறக்கக் கூடாது" என்று என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டார்.

பங்குனி முதல் வாரத்தில் முனிரத்தினம் அந்த வருஷக் கூத்துக்குத் தாம்பூலம் வைக்க வந்தார். மாசியில் அம்சவேணிக்கு ஆண் குழந்தை பிறந்திருப்பதாகச் சொன்னார். வேறொருவனாக இருந்தால் மார் தட்டியிருப்பான். கோதண்டபாணி தலை குனிந்துகொண்டார். குழந்தை சாமி கொடுத்தது, மோசடி நான் செய்தது என்று பிறகு என்னிடம் சொன்னார். முனிரத்தினம் அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, போகும் வழியில் என்னைத் தனியாகப் பிடித்து, வாத்தியாருக்கு உடம்புக்கு என்ன என்று கேட்டார். நான் சத்தியத்துக்குக் கட்டுப்பட்டவன். ஒன்றுமில்லை என்று சொல்லியிருக்கலாம். கோமாளி புத்தி, முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டு, "கொஞ்சம் அப்படித்தான்" என்று தலையை ஆட்டிவிட்டேன். அவர் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை.

அந்த மாத அமாவாசையில் எடை அறுபத்தொன்பது. கம்பியில் பதினொன்று. வெட்டிய நூல் துண்டுகளைச் சேர்த்து வைத்தால் ஒரு சாணுக்கு மேல் வந்தது. மறுநாள் காலையில் முசரவாக்கத்தில் ஒரு நெட்டைப் பனையில் பாடிக்கொண்டே குருத்து வரை ஏறி இறங்கினார். நாற்பத்தொரு பாட்டும் பாடினார். கீழே நின்ற எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. போன வருஷத்துப் பொய் அன்றோடு தீர்ந்தது என்று நினைத்தேன்.

சித்திரையில் அந்த ஊருக்குப் போய் இறங்கினோம். பாட்டு நோட்டை என்னிடம் கொடுத்து, "எறங்கினதும் குடு. முனிரத்தினத்துக்கிட்ட காட்டி, போன வருஷம் நடந்ததையும் சொல்லிடறேன்" என்றார். அவர் அவ்வளவு சந்தோஷமாக இருந்து நான் பார்த்ததில்லை. மைதானத்தில் நுழைந்ததும் நின்றுவிட்டார்.

தபசு மரம் குட்டையாக இருந்தது. அவர் உதடு அசைய எண்ணுவதைப் பார்த்து நானும் எண்ணினேன். பத்தொன்பது படி. அதற்கு மேல் பலகை. வெட்டி எடுத்த மிச்ச மரம் கோயில் ஓரமாகக் கிடந்தது, அதன் மேல் நாலைந்து பேர் உட்கார்ந்து பீடி குடித்துக்கொண்டிருந்தார்கள்.

முனிரத்தினம் ஓடி வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"தப்பா நெனைக்காதீங்க வாத்தியாரே. போன வருஷமே உங்களால முடியலைன்னு ஊருக்கே தெரியும். கோமாளி இன்னாவோ சொல்லிச் சமாளிச்சாரு, நாங்களும் கோவிந்தா போட்டோம். இந்த வருஷம் பார்த்தா ஒடம்பு இப்படி உருகிப் போயிக் கெடக்குது. வேற ஆளை வெச்சிக்கலாம்னு சில பேரு சொன்னாங்க. மருமவ ஒத்துக்கவே இல்ல."

அம்சவேணி குழந்தையோடு வந்து நின்றாள்.

"அன்னிக்கு உங்க வேர்வை என் மேலதான்ணா சொட்டிச்சி. கால் நடுங்கினதைப் பார்த்துக்கினுதான் இருந்தேன். அந்த நெலையிலயும் எனக்குப் பழம் போட்டீங்க. முடியாத ஒடம்போட உங்களை இன்னும் ஒசரம் ஏத்தக் கூடாதுன்னு நான்தான் மரத்தைக் கொறைக்கச் சொன்னேன்."

கோதண்டபாணி வாயைத் திறந்தார். என்னைப் பார்த்தார், குழந்தையைப் பார்த்தார். "நல்லதும்மா" என்று மட்டும் சொல்லிவிட்டு வேஷம் கட்டப் போனார்.

ஏறினார். பத்தொன்பதாம் பாட்டோடு பலகை வந்துவிட்டது. அதன் மேல் நின்று, மிச்சம் இருந்த இருபத்திரண்டு பாட்டையும் ஒன்று விடாமல் பாடினார். மூச்சு வாங்கவில்லை. பிறகு பழங்களைப் போட்டார். இறங்கத் திரும்பியபோது இரண்டு ஆட்கள் பாதி மரம் ஏறி அவர் இடுப்பைத் தாங்கிப் பிடித்தார்கள். "பார்த்துப்பா, முடியாதவரு" என்று கீழே இருந்து ஒரு குரல் வந்தது. ஒற்றைக் கையில் தொங்கி இறங்கக் கூடியவர், அவர்கள் தோளில் கையைப் போட்டு, நோயாளி மாதிரி ஒவ்வொரு படியாக இறங்கி வந்தார்.

நான் நோட்டை நீட்டினேன். உள்ளே பன்னிரண்டு அட்டைகள் இருந்தன. அவர் வாங்கவில்லை.

"வேணாம்பா. உள்ள வெய்யி. அந்தப் பொண்ணு மனசு நோவும்."

சுற்றிலும் முந்நூறு பேர் இருந்தார்கள். போன வருஷம் அத்தனை பேர் காதிலும் விழும்படி பொய் கத்திய தொண்டை என்னுடையது. இவருக்கு வியாதி இல்லை, இவர் நாற்பத்தொரு படியும் ஏறுவார் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். எனக்குத் தைரியம் வரவில்லை. அடுத்த வருஷமும் அந்த ஊரில் மரத்துக்குப் பத்தொன்பது படிதான் வைத்தார்கள்.