வடம் பிடித்தவர்களின் கால்கள்

1. பாலிடெக்னிக்கில் இயந்திரவியல் டிப்ளமா முடித்து, விழுப்புரத்தில் அரிசி ஆலை இயந்திரங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் வரைபடம் போடும் வேலைக்குச் சேர்ந்தேன். முதல் சம்பளத்தில் ஒரு கட்டுமானப் பொம்மைப் பெட்டி வாங்கினேன். எங்கள் வீட்டில் குழந்தைகள் இல்லை. எனக்காகத்தான் வாங்கினேன்.

2. பெட்டிக்குள் "குறைகள் இருந்தால் எழுதவும்" என்று அச்சடித்த அட்டை ஒன்று இருந்தது. எழுதினேன். இடம் போதாமல் தனியாக ஒரு தாளும் இணைத்தேன்.

3. அந்தப் பெட்டியைச் செய்பவர் திண்டிவனத்திலிருந்து பதில் போட்டார். ஒரு ஞாயிற்றுக்கிழமை நேரில் வர முடியுமா என்று கேட்டிருந்தார்.

4. போனேன். என்னைப் போல எழுதிய இன்னும் இரண்டு பேர் வந்திருந்தார்கள்.

5. புதிதாக ஒரு பெட்டி கொண்டுவர வேண்டும், அதில் என்ன இருக்கலாம் என்று கேட்டார். பேசிப் பேசித் தேர் என்று முடிவானது.

6. மெட்ராஸ் வியாபாரி வந்து பார்த்தார். வேண்டாம் என்றார்.

7. அன்று மாலைக்குள் நடந்ததை நினைத்தால் இப்போதும் மனம் நிறைகிறது. அதைத்தான் எழுதுகிறேன்.

பெட்டியைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். வரிசையாகத் துளையிட்ட தகரப் பட்டைகள், பச்சையும் சிவப்புமாக. சின்னச் சின்ன நட்டு, போல்ட்டு, ஒரு ஸ்பேனர், சக்கரங்கள், கப்பி. இவற்றை முடுக்கி கிரேன் செய்யலாம், பாலம் கட்டலாம், லாரி ஓட்டலாம். கூடவே பிளாஸ்டிக்கில் ஓர் ஆள். தொப்பியும் கால்சட்டையும் போட்டிருப்பான். அவனுடைய கனத்த பூட்ஸில் மேலிருந்து கீழாகத் துளை இருக்கும். அதில் போல்ட்டைச் செருகி அடியில் நட்டு போட்டால் எங்கே வேண்டுமானாலும் நிற்பான். எல்லாப் பெட்டியிலும் அவன் ஒருவன்தான் மனிதன்.

ஆபீஸில் நாள் முழுக்க நான் போடும் வரைபடம் எப்போதோ எங்கோ இரும்பாகும். அதை நான் பார்ப்பதில்லை. வீட்டுக்கு வந்து இந்தப் பெட்டியைத் திறந்தால் நினைத்தது உடனே கைக்கு வரும். அந்த சுகத்துக்காகத்தான் கட்டினேன். அம்மா பக்கத்து வீட்டில் "ஆபீஸ் வேலைய வீட்டுக்கு எடுத்துக்கினு வந்து செய்யுது" என்று சொல்லி வைத்திருந்தாள். என்னிடம் மட்டும், "கல்யாணம் பண்ற வயசுல நட்டு முடுக்கிக்கினு குந்தியிருக்குது பாரு" என்பாள்.

திண்டிவனத்தில் மயிலம் போகும் சாலையில் ஒரு தகரக் கொட்டகை. அதுதான் பட்டறை. முதலாளி ஐம்பதைத் தாண்டியவர். என்னைப் பார்த்ததும் நாற்காலியை இழுத்துப் போட்டு, "கொழந்தைக்கு எத்தினி வயசும்மா?" என்றார்.

"கொழந்த இல்லீங்க. நான்தான் வெச்சிருக்கேன்."

அவர் சிரிக்கவில்லை. பக்கத்தில் நின்ற ஆளைக் காட்டி, "இவரும் அப்டிதான் சொல்றாரு" என்றார்.

பக்கத்தில் நின்றவர் விழுப்புரம் ஜங்ஷனில் சிக்னல் ஃபிட்டர். நான் அண்ணன் என்று கூப்பிட ஆரம்பித்தேன். மூன்றாவது ஆள் ஒலக்கூர் பக்கத்து ஆஸ்பத்திரியில் நர்ஸ். அவரை அக்கா என்றேன். ராத்திரி டியூட்டி முடிந்து தூக்கம் வராத பகல்களில் பாலம் கட்டுவாராம். எனக்கு ஏற்பட்ட நிம்மதியைச் சொல்ல முடியாது. இந்த உலகத்தில் இப்படி ஒருத்திதான் இருக்கிறேன் என்று எண்ணியிருந்தேன்.

முதலாளி எதையும் மறைக்கவில்லை. பொம்மைப் பெட்டிகள் விற்பது குறைந்துகொண்டே போகிறது. டி.வி. வந்த பிறகு கிரேன் கட்ட யாருக்கும் பொறுமை இல்லை. மெட்ராஸ் வியாபாரி ஒருவர்தான் பெருமளவில் எடுப்பவர். புதுப் பெட்டி ஒன்று அவருக்குப் பிடித்தால் தொடரலாம். பிடிக்காவிட்டால் தகரம் வெட்டும் பிரஸ்ஸை மோட்டார் வாஷர் அடிக்க மாற்றிவிட வேண்டியதுதான். அப்படி மாற்றிவிட்டால் எங்களுக்கு ஒரு நட்டுகூடக் கிடைக்காது.

"பசங்க என்னா கேப்பாங்கன்னு எனக்குத் தெரியல. நீங்க கேக்கறதயாவது சொல்லுங்க" என்றார்.

நான் எழுதிக்கொண்டு போயிருந்ததைப் படித்தேன். நீளப் பட்டைகள் தனியாகக் கிடைக்க வேண்டும். அச்சில் சக்கரம் வழுக்கக் கூடாது. தொலைந்த போல்ட்டுக்காக முழுப் பெட்டி வாங்கும் நிலை கூடாது. அண்ணனுக்கு ரயில்வே கேட்டும் கை இறங்கும் சிக்னலும் வேண்டும். முதலாளி, "அத விழுப்புரத்துல மட்டும்தான் விக்கலாம்" என்று சிரித்தார்.

அக்காவுக்குப் பட்டையைப் பற்றிய குறையே இல்லை. அவருக்கு ஆள்தான் பிரச்சினை.

"இன்னா சார் இவன்? நட்டு வச்ச கம்பமாட்டம் நிக்கிறான். எங்க ஆஸ்பத்திரி வராண்டாவுல வந்து பாருங்க, அத்தினி பேரும் குந்திக்கினுதான் இருப்பாங்க. பொம்பளைங்க மல்லாட்ட மூட்டைய தலைல வச்சிக்கினு போவாங்க. இவன் தலைல எத வைக்க முடியும்? தொப்பி இருக்குது."

முதலாளி கையை விரித்தார். ஆளுக்குப் புது அச்சு வெட்ட அவரிடம் தெம்பு இல்லை. இருக்கும் ஆளை வைத்துக்கொண்டு, இருக்கும் பட்டைகளிலிருந்தே ஏதாவது புதிதாகச் செய்ய வேண்டும்.

தேரை முதலில் சொன்னது யார் என்று எங்களுக்குள் இன்றுவரை தீர்ப்பாகவில்லை. அக்கா கிறிஸ்தவர். "எங்க மாதா கோயிலுக்கும் தேர் இருக்குது" என்று அவர் சொன்னதும் முதலாளி நிமிர்ந்து உட்கார்ந்தது மட்டும் நினைவிருக்கிறது. எந்த ஊர்க் கடையில் வைத்தாலும் தேரைத் தெரியாதவர் இருக்க மாட்டார்கள்.

அதன் பிறகு பல ஞாயிற்றுக்கிழமைகள் அந்தக் கொட்டகையில் கழிந்தன. பஸ்ஸில் போய் இறங்கும்போதே மனசு வேகமாக நடக்கும். அண்ணனுக்கும் எனக்கும் ஒரே சண்டை. முன் அச்சு திரும்ப வேண்டும் என்பார் அவர். "தேருக்கு ஸ்டியரிங் இருக்குதாண்ணே?" என்பேன் நான். தேரைத் திருப்புவதும் நிறுத்துவதும் சக்கரத்தடியில் போடும் முட்டுக்கட்டைதான். கடைசியில் மரத்தில் சின்னச் சின்ன முட்டுக்கட்டைகள் செதுக்கினோம். சக்கரத்தின் கீழ் ஒன்றை வைத்து இழுத்தால் தேர் அந்தப் பக்கம் திரும்பியது. அண்ணன் என் தலையில் செல்லமாகக் குட்டினார்.

அடுக்கடுக்காகச் சட்டம், மேலே உருளையாகத் தொங்கும் துணித் தொம்பை, உச்சியில் குடை, முன்னால் வடம். வடத்தின் இருபுறமும் சிறு சக்கரம் வைத்த நீளப் பட்டைகளில் ஆட்களை வரிசையாக நிறுத்தினோம். தொப்பியை அரத்தால் தேய்த்து எடுத்தோம். கால்சட்டைக்கு வெள்ளை பெயின்ட் அடித்து வேட்டியாக்கினோம். அக்கா தோளில் சிவப்புக் கோடு இழுத்துத் துண்டு போட்டுவிட்டார். மூன்று பேருக்கும் எவ்வளவு பெருமை!

வியாபாரி வந்தது ஒரு ஞாயிறு காலை. வாசலில் செருப்பைக் கழற்றினார்.

"சும்மா போட்டுக்கினே வாங்க, இரும்புத் தூளு குத்தும்" என்றார் முதலாளி.

அவர் அரை மனதாக மாட்டிக்கொண்டு உள்ளே வந்தார். மேசைமேல் தேரைப் பார்த்ததும் கால் தானாகவே செருப்பை விட்டு வெளியே வந்தது. கன்னத்தில் போட்டுக்கொண்டார். வடத்தை இழுத்தார். முட்டுக்கட்டையை வைத்துத் திருப்பினார். வாய்விட்டுச் சிரித்தார். நான் அண்ணனைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார். முடிந்தது, ஜெயித்துவிட்டோம்.

பிறகு வியாபாரி குனிந்தார். குனிந்தபடியே இருந்தார்.

"இன்னாங்க இது? அத்தினி பேரும் பூட்ஸ் மாட்டிக்கினு வடம் புடிக்கிறானுங்க?"

அண்ணன்தான், "பந்தோபஸ்துக்கு வந்த போலீஸுன்னு வச்சிக்கலாமே" என்று சொல்லிப் பார்த்தார்.

வியாபாரி அதற்கும் சிரித்தார். ஆனால் நிமிர்ந்தபோது முகம் மாறியிருந்தது. "இத கடைல வச்சேன்னா, வாங்க வர்ற பொம்பளைங்களே என்ன உண்டு இல்லன்னு பண்ணிடுவாங்க. பேஜாரு வேணாங்க. பாண்டிக்குப் போய்க்கினு இருக்கேன், சாயங்காலம் இப்டிதான் திரும்புவேன். எட்டிப் பாக்கறேன். அப்பவும் பூட்ஸ் இருந்துச்சின்னா உட்டுடுங்க."

அவர் போன பிறகு நாங்கள் நால்வரும் அந்தக் கால்களையே பார்த்துக்கொண்டு நின்றோம். வெறுங்காலோடு வடம் பிடிக்காத மனிதனை நாங்கள் யாரும் எங்கள் ஊர்களில் பார்த்ததில்லை. அக்காவின் மாதா தேருக்கும் அப்படித்தான். இருந்தும் எப்படி விட்டோம்? யோசித்துப் பார்த்தால் காரணம் எளிது. எத்தனையோ நாட்களாக அந்தப் பூட்ஸில் போல்ட்டு முடுக்கி முடுக்கி, எங்கள் கண்ணுக்கு அது காலாகவே தெரியாமல் போயிருந்தது. அது ஓர் இணைப்பு, அவ்வளவுதான். சக்கரம் திரும்புவதைப் பற்றி வாரக்கணக்கில் சண்டை போட்டவர்கள் நாங்கள்.

முதலாளி ஒரு ஆளை எடுத்து பூட்ஸை அரத்தால் தேய்த்தார். துளை உடைந்து ஆள் சாய்ந்தான். இன்னொருவனைக் கணுக்காலோடு அறுத்தார். குள்ளமாகிப் போனான், நிற்கவும் வழியில்லை. "போவட்டும் வுடுங்க. வாஷரே அடிச்சிட்டுப் போறேன்" என்று ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். அந்தக் குரல் எனக்குப் பொறுக்கவில்லை.

பட்டைகளைக் குறுக்காக இணைக்கப் பெட்டியில் 'எல்' வடிவத்தில் ஒரு சின்னத் தகரத் துண்டு உண்டு. பூட்ஸை அறுத்தெடுத்துவிட்டு, அதன் ஒரு கையைக் கணுக்காலின் பின்புறம் வைத்து முடுக்கினால், தரையில் படியும் மறு கை பாதமாகும். பாதத்தில் துளை ஏற்கெனவே இருக்கிறது. நான் தரையில் சாக்குக்கட்டியால் வரைந்து காட்டினேன். கொஞ்சம் பெரிதாக, நுனி அகலமாக வெட்ட வேண்டும், அவ்வளவுதான்.

"பிளாஸ்டிக் அச்சு வேணாமா?" என்றார் முதலாளி.

"வேணாங்க. தகரம்தான். உங்க பிரஸ்ஸே போதும்."

அவர் எழுந்த வேகத்தில் ஸ்டூல் விழுந்தது. "ஜல்தி, ஜல்தி" என்று தகரத்தை எடுத்தார். நேரமில்லாததால் அன்று எல்லாம் கைவேலை. அவர் கத்தரித்தார், அண்ணன் பட்டறைப் பிடியில் வைத்து வளைத்தார். நான் பழுக்கக் காய்ச்சிய ஊசியால் கணுக்கால்களில் துளை போட்டேன். அக்கா பாத நுனியில் சின்ன அரத்தால் விரல் பிரித்தார். தன் செருப்பைக் கழற்றிவிட்டு, தன் காலையே பார்த்துப் பார்த்துச் செய்தார்.

"சுண்டு விரல கொஞ்சம் வெளிய தள்ளி வெட்டுங்க சார். செருப்பில்லாம நடக்கறவங்க காலு விரிஞ்சிதான் இருக்கும்."

முதல் ஆளை முடுக்கி நிறுத்தினோம். முன்பக்கம் சாய்ந்து நின்றான். அவசரத்தில் அண்ணன் வளைத்த கோணம் செங்கோணமாக வரவில்லை. நான் குறடு எடுத்து நிமிர்த்தப் போனேன். எல் என்றால் செங்கோணம், எனக்குக் கற்றுக்கொடுத்தது அப்படி.

அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். "ஐய, நிமித்தாத! வடம் இழுக்கறவன் நிமிந்துக்கினா நிப்பான்?"

குறட்டைக் கீழே வைத்தேன். அண்ணன் மீதித் துண்டுகளையும் அப்படியே சாய்த்து வளைத்தார். வரிசை முழுதும் முன்னால் சாய்ந்து, வெறும் பாதங்களை ஊன்றி நின்றது. இத்தனை நாள் கம்பம் போல நின்ற ஆள் முதல் முறையாக ஒரு வேலை செய்கிறவனாகத் தெரிந்தான். கட்டும் பொம்மையிலிருந்து என்ன வேண்டும் என்று முன்பு கேட்டபோது என்னால் இதைச் சொல்லியிருக்கவே முடியாது. பார்த்த பிறகுதான் இதுதான் வேண்டியிருந்தது என்று தெரிந்தது.

வெயில் தாழ்ந்ததும் வியாபாரி வந்தார். நேராகக் காலைத்தான் பார்த்தார். ஒரு பாதத்தை விரலால் தொட்டார். பிறகு வடத்தை மெல்ல இழுத்தார்.

"இப்பதான்யா தேரு கனமா தெரியுது" என்றார்.

முதலாளி துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். வியர்வை மாதிரித்தான் இருந்தது.

"ஆனா ஒண்ணு. இப்டி ஆளுக்கு ஒரு தினுசா இருக்கக் கூடாது. எல்லாம் ஒரே மாதிரி வரணும். வந்தா எடுத்துக்கறேன்."

மறுநாள் ஆபீஸில் மதிய இடைவேளையில் அந்தப் பாதத்துக்கு முறையான வரைபடம் போட்டேன். சாய்வு எவ்வளவு என்று அன்றைக்கு நின்ற ஆட்களிலேயே நல்லவனாக ஒருவனைத் தேர்ந்து, கோணமானி வைத்து அளந்தேன். அந்த வரைபடம் இரும்பானதை நான் என் கண்ணால் பார்த்தேன்.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் இருக்கிறார்கள். வளர்ந்தவர்கள் விளையாடுவதைக் கேலி செய்யாமல், கருத்துக் கேட்ட முதலாளிக்கு. பிடிக்காததைப் பிடித்ததாகச் சொல்லாமல், மாலை வரை எங்களுக்கு நேரம் கொடுத்த வியாபாரிக்கு. என் கையைப் பிடித்த அக்காவுக்கு. வளைத்த அண்ணனுக்கும்தான், அவர் அதை வேண்டுமென்றே செய்ததாக இப்போது சொல்லிக்கொண்டாலும்.

தேர்ப் பெட்டி கடைகளில் இருக்கிறது. பெரிய விற்பனை என்று சொல்ல முடியாது. திருவிழா மாதங்களில் நன்றாகப் போகிறது, மற்ற மாதங்களில் சுமார். பொம்மை வேலை நிற்கவில்லை. பிரஸ்ஸில் பாதி நாள் வாஷரும் பாதி நாள் பாதமும் அடிக்கிறார்கள். நட்டு, போல்ட்டு தனியாகவும் கிடைக்கின்றன.