மல்லிநாதனின் பத்து நாள்

கடைக்கு வந்தவர் வாயைத் திறந்ததுமே மல்லிநாதன் கண்ணை மூடிக்கொள்கிறார். சரக்கு எந்த அலமாரியில் இருக்கிறதென்று யோசிக்கிறார் போலும் என வந்தவரும் பொறுமையாக நிற்கிறார். மல்லிநாதனோ உள்ளே எழும்பும் கோபத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

செஞ்சியில் அவருடைய ஹார்டுவேர் கடைக்கு முப்பது வயது, அவருக்கு ஐம்பத்தாறு. விலையைப் பாதியாகக் குறைத்துக் கேட்டாலும் சிரிப்பார். அளவும் தெரியாமல், மாதிரிக்குப் பழைய சாமானையும் கொண்டுவராமல், "அன்னிக்கு வாங்கினனே, அது மாதிரி" என்று கேட்டுவிட்டால் மட்டும் தெருவே திரும்பிப் பார்க்கும்படி கத்துவார். இரண்டு மாதத்துக்கு முன், குழாயை வளைத்து இணைக்கும் முக்கால் இன்ச் எல்போவுக்குப் பதில் அரை இன்ச்சை எடுத்துக் கொடுத்த மனைவி விஜயாவிடமும் நாலு பேர் முன்னால் அப்படித்தான் கத்தினார். விஜயா தொண்டூரிலுள்ள அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டார். சேர்ந்தாற்போலப் பத்து நாள் கத்தாமல் இருந்தால் திரும்பி வருவதாகச் சொல்லியனுப்பினார். சாட்சி, எதிர் டீக்கடை கிறிஸ்டோபர். தினமும் மாலையில் அங்கிருந்து தொண்டூருக்குப் போன் போகும்.

சென்னையில் உளவியல் படிக்கும் தம்பி மகள் பிரம்மி, கோபத்தை அமுக்காதீர்கள், அது யாருடைய குரல் என்று தேடுங்கள், கனவுகளை எழுதிவையுங்கள் என்றாள். எழுதினார். மூன்றாம் நாளே, இறந்துபோன அப்பா கனவில் வந்து, ஆணியைப் பிரித்துவைக்கக்கூடத் தெரியவில்லையா என்று கத்தினார். மேல்சித்தாமூர் சமண மடத்தில் சொன்னது வேறு: கோபம் உன்னுடையதல்ல, ஒட்டிக்கொண்டது, பார்த்துக்கொண்டிரு, உதிர்ந்துவிடும்.

"பாப்பா, செவுத்த ஒடச்சி எங்க ஒழுகுதுன்னு பாருன்னுது. மடத்துல, ஒழுகுறது பைப்பு, நீ இல்லன்றாங்க. நடுவுல என் சட்ட நனையுது" என்றார் கிறிஸ்டோபரிடம்.

இருந்தாலும் காலையில் தோண்டினார், மாலையில் உதிர்த்தார். இரண்டு முறை ஏழாம் நாளில் சறுக்கி, மறுபடி முதல் நாளுக்கே வந்தார். மூன்றாம் முறை நடுவில் ஒரு சந்தேகம்: "கனவுல வந்த எங்க நைனாவத் திருப்பிக் கத்திட்டேம்பா. அது கணக்குல சேருமா?" தொண்டூரைக் கேட்டுச் சொல்வதாகக் கிறிஸ்டோபர் சொன்னார். சேராது என்று பதில் வந்தது.

பத்தாம் நாள் பிற்பகல் தொண்டூர் பஸ்ஸிலிருந்து இறங்கிய விஜயா கடைக்குள் வரவில்லை. ஏதோ வாங்க வந்தவர்போல மேசைக்கு வெளியே நின்றார்.

"ஒரு கொழா வேணும்."

"எத்தினி இன்ச்சு?"

"தெரியாது. அன்னிக்கு வாங்கினனே, அது மாதிரி."

மல்லிநாதனின் காது மடல் சிவந்தது. எதிரே கிறிஸ்டோபர் டீ ஆற்றுவதை நிறுத்தினார்.

இந்த முறை மல்லிநாதன் கண்ணை மூடவில்லை. ஏணியை இழுத்துப் போட்டு ஏறி, மேல் தட்டிலிருந்து ஒரு குழாயை எடுத்துவந்து, துண்டால் தூசி துடைத்து அவர்முன் வைத்தார். அடுத்ததை எடுக்க ஏறினார். பதினொரு குழாய்கள் வரிசையாக நின்றன. பன்னிரண்டாவதற்கு ஏறியபோது, விஜயா மேசையின் பக்கப் பலகையைத் தூக்கி உள்ளே வந்து ஏணியைப் பிடித்துக்கொண்டார்.