ஒரே ஆளை அப்பாவும் மகனுமாக்கிய ஊர்: வீசன்மோர் கார்ப் பந்தயத்துக்கு ஒருநாள் பயணம்

இந்தப் பதிவை எழுத மூன்று நாள் பொறுத்தேன். கோபத்தோடு எழுதாதே, ஆறவிட்டு எழுது என்று வீட்டில் சொன்னார்கள். ஆறவில்லை. ஆகவே சூட்டோடு வாசியுங்கள்.

ஹம்பேர்க்கில் இருந்து ஒருநாளில் போய்வரக்கூடிய இடங்களைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன் என்பது வழமையாக வருபவர்களுக்குத் தெரியும். ஓகஸ்ட் தொடக்கத்தில், தலைமை ரயில் நிலையத்துக்கு அருகே இருக்கும் எங்கள் கடைகளில் ஒன்றுக்கு முருங்கைக்காய் வாங்கப் போனேன். கல்யாண மண்டப விளம்பரத்துக்கும் சேலை மலிவு விற்பனைக்கும் நடுவே ஒரு சுவரொட்டி. நசுங்கிய கார் ஒன்றின் படம், கதவில் பெரிதாக 38, அடியில் தமிழில் ‘அணி உரிமையாளர்: சி. தவராசா’. இது என்ன என்று கடைக்காரரிடம் கேட்டேன்.

“அது காரைக் காராலை இடிக்கிற விளையாட்டு அக்கா. எங்கடை ஆள்தான். வேற வேலை இல்லை அவருக்கு,” என்றார்.

கோடையில் ஊன்ட்றொப் அம்மன் தேருக்கு முந்நூறு கிலோமீற்றர் பஸ் பிடித்துப் போகிறவர்கள் நாங்கள். நூறு கிலோமீற்றருக்குள் நம்மவர் ஒருவர் பந்தய அணி நடத்துகிறார் என்றால் உதட்டைப் பிதுக்குகிறோம். எனக்கு அங்கேயே கொஞ்சம் ஏறிவிட்டது. சுவரொட்டியில் இருந்த இலக்கத்துக்கு அழைத்து, வருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

போனது ஓகஸ்ட் கடைசி ஞாயிறு. காலை 8.15 ரயில், 9.05க்கு ரோற்றன்பூர்க். ஜேர்மனி ரிக்கெற் என்ற மாதச் சீட்டு வைத்திருந்தால் தனியாகக் காசு கட்டத் தேவையில்லை. சிக்கல் அதற்குப் பிறகுதான். அங்கிருந்து வீசன்மோர் 19 கிலோமீற்றர். பஸ் அட்டவணையில் ஞாயிற்றுக்கிழமைக்கு நேராக ஒரு சின்னக் கோடு போட்டிருக்கிறார்கள். ஆயிரக்கணக்கானவர்கள் பந்தயம் பார்க்க வருகிற நாளிலும் அந்தக் கோடுதான். வேறு வழியில்லாமல் ரக்சி பிடித்தேன், 46 யூரோ.

ரக்சிக்காரர் அறுபது வயதுக்கு மேற்பட்ட உள்ளூர் ஜேர்மன்காரர். 38ஆம் இலக்க அணியைப் பார்க்கப் போகிறேன் என்றதும் முகம் மலர்ந்துவிட்டது. “அந்த அப்பாவும் மகனுமா? இரண்டு பேரையும் பார்த்திருக்கிறேன். அப்பா முரடன், பயமில்லாமல் இடிப்பார். மகன் நிதானம், கணக்குப் பார்த்து ஓட்டுவான். எனக்கு அப்பாவைத்தான் பிடிக்கும்,” என்றார். நானும் நல்ல குடும்பம் போலிருக்கிறது என்று குறித்துக்கொண்டேன்.

பந்தயத்தைப் பற்றி இரண்டு வரி. தொலைக்காட்சியில் வரும் பளபளப்பான கார்கள் இல்லை இவை. வீதியில் ஓட்டக் கூடாது என்று தள்ளப்பட்ட பழைய கார்களை வாங்கி, கண்ணாடிகளைக் கழற்றி, கதவுகளை ஒட்டவைத்து, ஓட்டுநரைச் சுற்றி இரும்புக் கூடு கட்டுகிறார்கள். அறுவடை முடிந்த வயலில் நீள்வட்டமாக மண் பாதை. அதில் சுற்றவும் வேண்டும், மற்றவரை இடிக்கவும் வேண்டும். சுற்றுக்குப் புள்ளி, எதிராளியின் காரைப் புரட்டினால் மேலதிகப் புள்ளி. இதற்கு ஸ்ரொக்கார் என்று பெயர். நுழைவு 12 யூரோ. காதடைப்பான் வாசலில் 2 யூரோவுக்கு விற்கிறார்கள், கட்டாயம் வாங்குங்கள்.

தவராசா அண்ணை எனக்கு ஓரிரு வயது இளையவராக இருக்கலாம், ஐம்பது மதிக்கலாம். ஆனாலும் பந்தயத் திடலில் எல்லோரும் அவருக்குக் கொடுக்கும் மரியாதையைப் பார்த்து அண்ணை என்றே வாயில் வந்தது. குள்ளமான ஆள். தோள்வரை எண்ணெய்க் கறை.

“வாங்கோ அக்கா, சொன்னபடி வந்திட்டியள். ரோல்ஸ் சாப்பிடுங்கோ, வீட்டிலை செய்தது,” என்று பெட்டியைத் திறந்தார்.

நான் ஒன்றை எடுத்துக் கடித்துக்கொண்டே, “அப்பா வரேல்லையோ?” என்று கேட்டேன்.

அவர் பெட்டியை மூடிவிட்டார். பக்கத்தில் காரின் சக்கரத்தை முடுக்கிக்கொண்டிருந்த இளம்பெண் கொல்லென்று சிரித்தாள். ஜெனிபர். வுப்பர்டாலில் வளர்ந்தவள், கார் திருத்தும் தொழில் படித்தவள், இப்போது இந்த அணியின் ஓட்டுநர். “செஃப், இவவுமா?” என்றாள் முதலாளியைப் பார்த்து.

கதை இதுதான். எங்களுக்குக் குடும்பப்பெயர் என்று ஒன்று கிடையாது. அப்பாவின் பெயர், அதற்குப் பக்கத்தில் என் பெயர், அவ்வளவுதான். இந்த நாட்டுக் கடுதாசியிலோ இரண்டு கட்டம். எது எந்தக் கட்டத்தில் விழும் என்பது அன்றைக்கு மேசையில் இருந்தவரின் மனநிலையைப் பொறுத்தது. அகதியாக வந்தபோது தவராசாவுக்கு அப்பாவின் பெயரான சின்னத்துரை குடும்பப்பெயராக விழுந்தது. பழைய கார் உடைக்கும் இடத்தில் வேலை கிடைத்து, அங்கிருந்து பந்தயத்துக்கு வந்தவர், சின்னத்துரை என்ற பெயரில் ஏழு பருவம் ஓடினார். பிறகு ஜேர்மன் குடியுரிமை எடுத்தார். அங்கே இருந்த அதிகாரி கட்டங்களை மாற்றிப் போட்டுவிட்டார். பந்தயக் கழகப் பதிவேட்டில் குடும்பப்பெயரை மட்டும்தான் எழுதுவார்கள், ஆகவே அடுத்த ஆறு பருவம் அவர் தவராசா.

முகம் ஒன்று, எண் ஒன்று. முதல் காரின் கதவில் ஏற்கெனவே 38 என்று யாரோ எழுதியிருந்தார்களாம். அழித்து எழுத வர்ணம் வாங்கவேண்டும் என்பதால் அப்படியே விட்டிருக்கிறார். இரண்டு பெயரையும் இங்கே யாருக்கும் உச்சரிக்க வராததால் பதின்மூன்று வருடமும் அவரை ‘அக்ற்உண்ட்றைசிக்’ என்றே கூப்பிட்டார்கள், அதாவது முப்பத்தெட்டு. தோள் எலும்பு இரண்டு தடவை முறிந்தது. இரண்டு தடவை கிண்ணம் வென்றார், சின்னத்துரையாக ஒன்று, தவராசாவாக ஒன்று. கழுத்தில் அடிபட்டு வைத்தியர் மறித்த பிறகு, சொந்தமாக அணி தொடங்கி இது நாலாவது வருடம்.

ஆண்டுவிழா மலர் ஒன்றைக் கழகத்துக்குப் புதிதாக வந்த செயலாளர் பதிவேட்டைப் பார்த்துத் தயாரித்தாராம். அதில், ‘தந்தை சின்னத்துரை தொடங்கியதை மகன் தவராசா தொடர்ந்தார்’ என்று அழகாக எழுதிவிட்டார். உண்மையான சின்னத்துரை சாவகச்சேரியில் தபாற்கந்தோர் எழுதுவினைஞர். வீதியைக் கடக்கவே இரண்டு தடவை யோசிக்கிற மனிதர். இறந்து இருபது வருடத்துக்கு மேல்.

நான் வாய்விட்டுச் சிரித்தேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். அடுத்ததைக் கேட்டதும் சிரிப்பு நின்றுவிட்டது. கழகத்தில் ஒரு விதி. ஓட்டுவதை நிறுத்தியவரின் எண்ணை நாலு பருவம் மட்டும் ஒதுக்கி வைப்பார்கள். பத்துப் பருவம் ஓடினவருக்கு மட்டும் அது நிரந்தரம், அவருடைய அணிக்கே கொடுப்பார்கள், பெயரையும் கழக மண்டபத்துப் பலகையில் பொறிப்பார்கள். தவராசா ஓடினது பதின்மூன்று. பதிவேட்டிலோ ஏழு ஓடின ஒருவரும் ஆறு ஓடின ஒருவரும்தான் இருக்கிறார்கள். அன்றைக்குப் பின்னேரமே 38ஐக் குலுக்கல் போட்டு வேறு யாருக்கோ கொடுக்கப்போகிறார்கள்.

“திருத்தச் சொல்லி மூண்டு தரம் அன்ராக் எழுதிப் போட்டன் அக்கா. குடியுரிமைக் கடுதாசியும் காட்டினன். அதிலை முதற்பேர் சின்னத்துரை எண்டு இருக்கு. உடனை சொல்லுகினம், ஓம், அப்பாவின்ரை பேரை மகனுக்கு வைக்கிறது எங்கடை நாட்டிலையும் வழக்கம்தான் எண்டு.”

“பழைய அகதிப் பத்திரம்?”

“அதைக் கந்தோரிலை திருப்பி வாங்கிட்டாங்கள்.”

“படம் இல்லையோ?”

“ரெண்டு படமும் காட்டினன். நல்ல முகச்சாயல், அப்பனை உரிச்சு வைச்சிருக்கு எண்டுகினம்.”

பகல் ஒன்றேகாலுக்கு இடைவேளை. புழுதி அடங்கத் தண்ணீர் வண்டி பாதையை நனைத்துக்கொண்டிருந்தபோது அவரை இழுத்துக்கொண்டு செயலாளரின் கூடாரத்துக்குப் போனேன். நான் யார் இதில் தலையிட என்று நீங்கள் கேட்கலாம். என் மகளின் பள்ளிக்கூடச் சான்றிதழில் என் புருசன் பெயரும் வங்கி அட்டையில் மாமனார் பெயருமாக இருபத்தைந்து வருடம் அலைந்தவள் நான். தலையிடாமல் எப்படி இருப்பது?

செயலாளர் கெட்டவர் இல்லை. அதுதான் ஆத்திரம். கத்தினால் திருப்பிக் கத்தலாம், அவர் கதிரை எடுத்துப் போட்டுத் தேநீர் தந்தார். இவர்கள் இருவரும் ஒரே ஆள் என்று ஜேர்மனில் நிறுத்தி நிதானமாகச் சொன்னேன். பதிவேட்டில் இரண்டு வரி இருக்கிறது என்றார். பழைய ஓட்டுநர்கள் நாலுபேர் வெளியே நிற்கிறார்கள், கேளுங்கள் என்றேன். வாய்மூலச் சாட்சி ஏற்பதில்லை என்றார். பிறகு ஒரு கடுதாசியை நீட்டினார். அவர் மனமிரங்கிக் கண்டுபிடித்த வழி அது. நெருங்கிய உறவினர் தன் பருவங்களை எழுத்தில் விட்டுக்கொடுக்கலாமாம். “உங்கள் தகப்பனார் இதில் ஒரு கையெழுத்துப் போட்டால், அவருடைய ஏழும் உங்களுடைய ஆறும் சேரும். எண் உங்கள் அணியிலேயே இருக்கும். பலகையில் மட்டும் பெயர் வராது, ஏனென்றால் இருவருமே பத்து ஓடவில்லை.”

செத்துப்போன மனிதரிடம் கையெழுத்து. நான் கதிரையை விட்டு எழும்பிவிட்டேன். தவராசா என் கையைப் பிடித்து அமர்த்திவிட்டு, “அப்பா வானில்தான் இருக்கிறார், வாங்கி வருகிறேன்,” என்று ஜேர்மனில் சொன்னார். வான் என்றது அவர்களுடைய பொருட்களை ஏற்றிவந்த வண்டியை.

“இங்கேயா இருக்கிறார்? கூப்பிடுங்களேன், கைகொடுக்க வேண்டும்,” என்று செயலாளர் மகிழ்ந்துபோனார்.

“கூச்சம் பிடித்தவர்,” என்றார் தவராசா.

ஐந்து நிமிடத்தில் கடுதாசியோடு திரும்பி வந்தார். செயலாளர் பழைய பதிவேட்டை எடுத்து, ஏழு பருவமும் சின்னத்துரை என்று போட்டிருந்த கையெழுத்துகளை விரலால் தொட்டுத் தொட்டு ஒப்பிட்டார். அச்சொட்டாகப் பொருந்தியது. பொருந்தாமல் எங்கே போகும், போட்ட கை ஒன்றுதானே. ஒரே ஆள் என்பதற்கு அதைவிடச் சாட்சி வேறு என்ன வேண்டும்? அந்த மனிதர் அதைக் கண்ணால் பார்த்து, திருப்தியாகத் தலையாட்டி, அப்பாவின் சம்மதம் கிடைத்துவிட்டது என்று முத்திரை குத்தினார்.

வெளியே வந்ததும் என் கோபம் தவராசா மேலேயே திரும்பியது. “உங்கடை வாழ்க்கையிலை பாதியை நீங்களே எழுதிக் குடுத்திட்டியள்,” என்றேன்.

“ஓம் அக்கா. என்ன செய்யிறது? ரெண்டு பேரிலையும் நான் பாதி பாதிதான். அந்த நம்பரிலை மட்டும்தான் முழுசா இருந்தனான். அதையும் விட ஏலாது.”

அவர் சொன்னது விளங்கியது. கோபம் மட்டும் அப்படியே இருந்தது.

நாலு மணிக்கு இறுதிச் சுற்று. ஜெனிபர் எந்த மனநிலையில் ஏறினாள் என்று தெரியாது, முதல் திருப்பத்திலேயே ஒரு நீலக் காரைப் பக்கவாட்டில் தூக்கிப் புரட்டினாள். ஆறாவது சுற்றில் அவளுடைய முன்சக்கரம் ஒன்று தனியாக ஓடிப்போனது. மூன்று சக்கரத்தோடு உழுதுகொண்டே வந்து மூன்றாம் இடம். தவராசா கம்பியைப் பிடித்தபடி ஒவ்வொரு சுற்றுக்கும் தன் உடம்பையும் சேர்த்து வளைத்தார்.

ஐந்தேகாலுக்குப் பரிசளிப்பு. ஒலிபெருக்கியில் அறிவிப்பாளர், 38ஆம் எண் இன்று முதல் நிரந்தரமாகத் தவராசா அணிக்கு என்றார். அதோடு விட்டிருக்கலாம். தன் ஏழு வருட உழைப்பைப் பெருந்தன்மையோடு மகனுக்கு விட்டுக்கொடுத்த தந்தை சின்னத்துரை இன்று நம்மிடையே இருக்கிறார், கூச்சத்தால் முன்னே வரவில்லை, அவருக்கு ஒரு பலத்த கைதட்டல் என்றார். அத்தனை சனமும் எழும்பி நின்று, வான் நின்ற பக்கம் திரும்பித் தட்டியது. தவராசாவும் அந்தப் பக்கம் திரும்பி, தலைக்கு மேலே கையை உயர்த்தித் தட்டினார். முகத்தில் சிரிப்பு இருந்தது, கண்ணைத்தான் என்னால் பார்க்க முடியவில்லை. நான் தட்டவில்லை.

அவர்களே என்னை ரோற்றன்பூர்க் நிலையத்தில் இறக்கிவிட்டார்கள். இதையெல்லாம் எழுதலாமா என்று கேட்டேன்.

“எழுதுங்கோ. அவையளுக்குத் தமிழ் வாசிக்க ஏலாதே.”

“கைபேசியிலை போட்டால் மொழிபெயர்த்துத் தரும்.”

“அதுவும் என்ரை பேரைப் பிழையாத்தான் எழுதும், பயப்பிடாதேங்கோ,” என்றார்.

எட்டேகாலுக்கு வீட்டில் இருந்தேன். போக நினைப்பவர்களுக்கு: அடுத்த பந்தயம் செப்ரெம்பர் கடைசி ஞாயிறு, காலை பத்தரைக்குத் தொடங்கும். நாலு பேராகப் போனால் ரக்சி கட்டுப்படியாகும். வெள்ளை உடுப்பு வேண்டாம், மண் போகாது. கழிப்பறைக்கு 50 சதம் சில்லறை வைத்திருங்கள். சைவக்காரர்கள் சாப்பாடு கொண்டுபோங்கள், அங்கே தொத்திறைச்சியும் பொரித்த உருளைக்கிழங்கும்தான். பிள்ளைகளுக்குக் கடுதாசி நிரப்பும்போது எந்தப் பெயரை எந்தக் கட்டத்தில் போட்டீர்கள் என்று எழுதி வையுங்கள், இதையும் பயணக் குறிப்பாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

கழக மண்டபம் வாசலுக்கு இடப்பக்கம். பலகையைப் பார்க்க விரும்பினால் பாருங்கள், அவர் பெயர் அதில் இல்லை. அவர் வேலிக் கம்பியருகே நிற்பார். பக்கத்தில் போய், பதின்மூன்று பருவமும் ஓடினது நீங்கள்தானே என்று தமிழில் கேளுங்கள். ஓம் என்று சொல்வதற்கு அவருக்கு அங்கே வேறு சந்தர்ப்பம் கிடைக்கப்போவதில்லை.