கரண்ட் போனால் திறக்கிற வால்வு

பிரான்சிஸ் மாட்டினால் பிசகாது என்பார்கள். நாற்பத்தெட்டு வயதில் அவர் சேர்த்துவைத்திருந்த சொத்து அந்தப் பெயர் ஒன்றுதான். பள்ளிபாளையத்துச் சாயப்பட்டறை ஒன்றில் பதினோரு வருஷம் நீராவிக் குழாய்களுக்கு மின்சார வால்வு மாட்டியவர். பிறகு நாமக்கல் பக்கம் கௌதமனின் கோழிப்பண்ணையில் எலக்ட்ரீஷியனாகச் சேர்ந்தார்.

கௌதமனுக்கு எல்லாம் ஆபீசில் உட்கார்ந்தபடியே நடக்க வேண்டும். தண்ணீரில் தடுப்பு மருந்து கலக்கும் நாளில், கோழிகளுக்குத் தாகம் எடுக்கட்டும் என்று முதலில் கொஞ்ச நேரம் தண்ணீரை நிறுத்துவார்கள். அதற்காக ஆள் ஷெட் ஷெட்டாக நடப்பானேன் என்று ஆறு மின்சார வால்வு வாங்கிவந்தார். பெட்டியைப் பிரித்ததுமே பிரான்சிசின் முகம் சுருங்கிவிட்டது.

"ஏனுங்க மொதலாளி, இது கரண்ட் இருந்தாத்தான் தொறக்குமுங்க. உள்ள இருக்கிற செம்புக்கம்பிச் சுருள் கரண்ட் வந்தா காந்தமாயி, இரும்புத்தண்ட மேல இழுக்கும், தண்ணி போகும். கரண்ட் நின்னா ஸ்பிரிங்கு தண்டக் கீழ தள்ளி அடைச்சுப்போடும். நீராவிக்கு அதுதான் சரிங்க, இல்லாட்டி ஆளு வெந்துபோவான். குடிக்கிற தண்ணிக்கு வேற ரகம் இருக்குதுங்க. கரண்ட் குடுத்தா மூடும், போனா தானா தொறந்துக்கும். அத வாங்கலாமுங்க."

"ஜெனரேட்டர் எதுக்கு இருக்குது? வாங்குனத மாட்டப்பா."

"பக்கத்துலயே கையில திருகுற குழாய் ஒண்ணாவது வெச்சுக்கலாமுங்க."

"கண்டவன் திருகறதுக்கா? லைன்ல உன்னத் தவிர எவனும் கை வெக்கக் கூடாது."

வேலையாட்கள் ஆறு பேரும் அங்கேதான் நின்றிருந்தார்கள். பிரான்சிஸ் மாட்டினார். சம்பளத்துக்கு இருப்பவன் வேறென்ன செய்வான்?

ஏப்ரலில் பெரிய வெள்ளி வந்தது. முதலாளியிடம் லீவு கேட்டு வாங்கிக்கொண்டு, மனைவி லிடியாவோடு கோயிலுக்குப் போனார். வழிபாட்டு நேரம், போனை அணைத்திருந்தார். பகல் பன்னிரண்டுக்குப் பண்ணையில் கரண்ட் போனது. ஜெனரேட்டரை முடுக்கப் போனால் அதில் பேட்டரியே இல்லை. முந்தின நாள்தான் முட்டை வண்டிக்கென்று கௌதமன் கழற்றச் சொல்லியிருந்தார். அவரோ சேலத்தில், ஃபேர்லேண்ட்ஸில் ஒரு விருந்தில் இருந்தார். போனில், "பிரான்சிசக் கூப்புடுங்க" என்பதோடு அவர் கடமை முடிந்தது.

நூற்றைந்து டிகிரி வெயில். மேலே தொட்டி நிறையத் தண்ணீர், கீழே கூண்டுகளில் வாயைப் பிளந்து மூச்சு வாங்கும் கோழிகள். குழாயை அறுத்துவிட்டிருக்கலாம். கை வைத்தால் வேலை போய்விடும் என்று ஆறு பேரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். மூன்றரை மணிக்குள் நாலாயிரம் கோழி செத்தது.

பழி ஒரு பக்கம், பாவம் ஒரு பக்கம். அன்றே பிரான்சிசுக்கு வேலை போயிற்று. 'சாமி கும்புடப் போயி கோழியக் கொன்னவன்' என்று பெயரும் வந்தது. கேப்பையில் நெய் வடிகிறதென்றாலும் நம்புகிற ஊர் இதை நம்பாதா? எந்தப் பண்ணையிலும் அவரைச் சேர்க்கவில்லை.

"நீங்க வேண்டாம்னு சொன்னத ஒருத்தருமா கேக்கல?" என்றாள் லிடியா.

"ஆறு பேரு கேட்டாங்க."

"அப்பறம் வாயத் தொறந்தா என்னவாம்?"

"அவங்களுக்கும் ஊடு வாசல் இருக்குதில்ல" என்றார்.

ஜூனில் கௌதமனே கூப்பிட்டார். அந்த வேறு ரக வால்வுகள் வந்துவிட்டன, ஒரே நாளில் மாட்ட வேண்டும். போகக் கூடாது என்றாள் லிடியா. அவர் போனார். அந்த வால்வு அங்கே ஓடுவதைப் பார்த்தால், தப்பு இவன் மேல் இல்லை என்று யாராவது ஒருவர் சொல்லித்தானே ஆகவேண்டும்? அந்த நப்பாசைதான் அவரை இழுத்துப் போனது.

சாயங்காலம் வேலை முடிந்தது. பக்கத்துப் பண்ணைக்காரர்கள் இரண்டு பேர் வேடிக்கை பார்க்க வந்திருந்தார்கள். எல்லோரும் பார்க்க மெயின் சுவிட்சை இறக்கினார் பிரான்சிஸ். கரண்ட் போனது, ஆறு ஷெட்டிலும் தண்ணீர் நிற்கவில்லை. அவர் கௌதமனின் முகத்தையே பார்த்தார்.

கௌதமன் குழாயில் விரலை நனைத்துப் பார்த்துவிட்டு, வந்தவர்கள் பக்கம் திரும்பினார்.

"பாத்தீங்களா, இவ்வளவுதான் வேலை. இத அன்னைக்கே மாட்டியிருந்தான்னா அத்தன கோழியும் பொழச்சிருக்கும். ஆளுக்கு அறிவு பத்தல."

ஆறு பேரும் தரையைப் பார்த்தார்கள்.

"நல்ல வேளைங்க," என்றார் வந்தவர்களில் ஒருவர், "இவன நம்ம பண்ணைக்கு வெச்சுக்கலாமான்னு இருந்தேன்."