சைக்கிள் கொடி

என் வீட்டுக்காரருக்குத் தெரியாத விஷயம் என்று உலகத்தில் எதுவும் கிடையாது. அவரே சொல்வார். கல்யாணமான புதிதில் நானும் நம்பினேன்.

திருமயத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். பர்மாவில் குடும்பத்துக்குக் கடை இருந்தது. கடையைப் பங்காளிகள் பார்த்துக்கொண்டார்கள், இவர் ஊரைப் பார்த்துக்கொண்டார். அதாவது மேலே துண்டைப் போட்டுக்கொண்டு காலையில் ஒரு சுற்று, சாயங்காலம் சீட்டாட்டம். உலகச் சண்டை தொடங்குவதற்கு முந்தின கோடையில், வியாபார விஷயமாக என்று சொல்லிவிட்டுக் கொடைக்கானலுக்குப் போனார். வியாபாரம் என்ன ஆயிற்றோ தெரியாது. திரும்பி வரும்போது ஈரச் சாக்கில் சுற்றிய நாலைந்து குச்சிகளைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார்.

"என்னப்பா இது, வேப்பங்குச்சியா? இங்கிட்டு இல்லாத வேப்பங்குச்சியா?" என்று என் மாமியார் கேட்டார்.

"ஆத்தா, இது ஹனிசக்கிள். வெள்ளைக்கார தொரை பங்களா வாசல்ல வளைவு வளைவா ஏத்திவிட்டிருக்கான். வாசனை ரோடு வரைக்கும் வருது."

"என்னா சைக்கிளு?"

அன்றைக்கு அது சைக்கிள் கொடி ஆனதுதான், அப்புறம் எங்கள் தெருவில் யாரும் அதை வேறு பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. இவர் ஒவ்வொரு தடவையும் திருத்துவார். திருத்தத் திருத்த அந்தப் பெயர் அடுத்த தெருவுக்கும் போய்விட்டது.

குச்சியை எங்கே நட்டார் தெரியுமா? கொல்லையில் மேற்கே பார்த்த சுவரோரம். மத்தியானத்துக்கு மேல் அந்தச் சுவரில் கை வைத்தால் கொப்பளித்துவிடும். கீழே செம்புறாங்கல் பூமி, கடப்பாரை போட்டால் பொறி பறக்கும். தெரு வாசலிலிருந்து பார்த்தால் நேராகத் தெரியும் இடம் அது ஒன்றுதான், அதனால் அங்கே நட்டார். வருகிறவன் போகிறவன் பார்க்க வேண்டுமே.

மதுரையிலிருந்து ஓர் இங்கிலீஷ் தோட்டப் புத்தகம் வரவழைத்தார். அதில் எழுதியிருப்பதையெல்லாம் செய்தார். இங்கிலாந்தில் உட்கார்ந்து எவனோ எழுதினது, அவனுக்குத் திருமயம் எங்கே தெரியும்? பனி உறைந்து செடி கருகிவிடும், வைக்கோலால் மூடு என்று போட்டிருந்ததாம். மார்கழி பிறந்ததும் எங்கள் கொடிக்கு வைக்கோல் போர்த்தினார். வைக்கோலை உருவித் தின்ன வந்த மாடு கொடியில் பாதியையும் சேர்த்துத் தின்றுவிட்டுப் போனது. மாட்டுக்காரரிடம் போய் ஒரு மணி நேரம் சண்டை போட்டார். அந்த மனுஷர், "வைக்கோலைக் காட்டினா மாடு வராம என்ன செய்யும்?" என்று மட்டும் கேட்டார்.

நடுகிறதும் போர்த்துகிறதும் அவர் வேலை, தண்ணீர் ஊற்றுவது என் வேலை. எங்கள் கிணற்றுத் தண்ணீர் உப்பு. உப்புத் தண்ணீர் இங்கிலீஷ் கொடிக்கு ஆகாது, ஊருணித் தண்ணீர்தான் வேண்டும் என்று உத்தரவு. குடிக்கச் சுமக்கிற குடங்களோடு அதற்கும் சேர்த்துச் சுமந்தேன். அந்த நாளில் மாட்டேன் என்ற வார்த்தை எனக்கு வராது.

அதை வரவழைத்தது ஒரு பஞ்சம். அந்த வருஷம் ஐப்பசி பொய்த்தது, கார்த்திகையும் பொய்த்தது. தை மாதத்திலேயே ஊருணியின் அடிப்படி வெளியே தெரிந்தது. குடிக்க மட்டும்தான் தண்ணீர், துவைக்கக்கூட எடுக்கக் கூடாது என்று ஊரில் கூடிப் பேசி முடிவு செய்தார்கள். அந்தக் கூட்டத்தில் இவரும் உட்கார்ந்து தலையை ஆட்டிவிட்டு வந்தார். மறுநாள் காலையில், "கொடிக்கு ஊத்த மறந்துறாதே" என்றார்.

நான் குடத்தோடு போனேன். படியில் பெண்கள் வரிசையாக நின்றார்கள். முன்னால் நின்ற, வெள்ளாமை பார்க்கிற சம்சாரி வீட்டு அம்மாள் ஒருத்தி என் குடத்தைப் பார்த்தாள், என் முகத்தைப் பார்த்தாள்.

"ஏத்தா, ஒங்க வீட்டுல சைக்கிளெல்லாம் தண்ணி குடிக்குதாமுல்ல?"

படி முழுக்கச் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. இடுப்பில் ஒரு பிள்ளை, அதன் உதடு வெடித்திருந்தது. "அது பூத்தா தலையில வைக்கலாமா? சாமிக்குப் போடலாமா?" என்று மறுபடி கேட்டாள். நான், "தெரியலைக்கா" என்றேன். உண்மையிலேயே தெரியாது. அதுவரை அது ஒரு பூகூடப் பூத்ததில்லை. வெட்கத்தில் எனக்கு முதுகெல்லாம் வேர்த்துவிட்டது. குடிக்க எடுத்ததோடு வீட்டுக்கு வந்தேன்.

"இனிமே அதுக்குத் தண்ணி எடுக்க மாட்டேங்க."

பேப்பரை இறக்கிப் பார்த்தார். "ஒரு கொடத்துல ஊருணி வத்திப்போயிருமா?"

"நீங்களே போய் எடுத்துட்டு வாங்க. இந்தக் கேள்வியையும் அங்கிட்டே கேட்டுப் பாருங்க."

போனார். அதுதான் அவரிடம் எனக்குப் பிடிபடாத குணம். மூளை உள்ளவன் போகமாட்டான். சலவை வேட்டி, கையில் குடை, இன்னொரு கையில் பித்தளைக் குடம். ஊருணிப் படியில் நின்று ரசனை என்றால் என்ன என்று அந்தப் பெண்களுக்கு எடுத்துச் சொன்னாராம். அவர்கள் முழுக்கக் கேட்டுக்கொண்டார்களாம். அப்புறம் ஒரு கிழவி, "சரிங்க, ரொம்ப நல்லாப் பேசுனீங்க. கொடத்தைக் கவுத்து எடுத்துக்கிட்டுப் போங்க" என்றாளாம். வெறும் குடத்தோடு வந்து, "பட்டிக்காட்டு ஜனங்க" என்று சொல்லிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார். சாப்பாடு மட்டும் என்றைக்கும் குறைந்ததில்லை.

இரண்டே வாரத்தில் கொடி காய்ந்து கயிறாகிவிட்டது. இவர் அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை. முயல் வளர்க்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தார்.

எனக்கு அந்தச் செடியின் மேல் கோபமில்லை. என்னைப் போலவே அதையும் கேட்டா கொண்டுவந்தார்கள்? தரையோடு ஓடிய ஒரு கிளையில் மட்டும் பச்சை இருந்தது, ஒரு கணுவில் வேரும் விட்டிருந்தது. அதை வெட்டி எடுத்து, கிணற்றுக்கு வடக்கே முருங்கை நிழலில் நட்டேன். குளிக்கிற தண்ணீர் ஓடிவந்து தேங்குகிற இடம். உப்புத் தண்ணீர்தான், அரிசி கழுவின தண்ணீரும் சேரும். வேரில் மக்கின இலையைக் குவித்தேன். கீழே குளிர்ச்சியாக இருந்துகொண்டு தலையை மட்டும் வெயிலுக்கு நீட்டுகிற சுபாவம் அதற்கு என்பது கொஞ்ச நாள் பார்த்ததில் புரிந்தது. ஒரு பழைய ஏணியைச் சாத்திவிட்டேன், ஏறிக்கொண்டது.

இரண்டு மழைக்காலம் போனது. பர்மாவில் குண்டு விழுந்து கடையும் போனது. பங்காளிகள் உயிர் பிழைத்து வந்து சேர்ந்தார்கள். வீட்டில் பலகாரம் நின்று கேழ்வரகு வந்தது. அந்த மாசியில் கொடி பூத்தது. இரண்டு இரண்டாக, மெல்லிசாக, வெள்ளைப் பூ. மறுநாள் அதே பூ மஞ்சளாகிவிடும். பகலில் ஒரு வாசனையும் இருக்காது. விளக்கு வைக்கிற நேரத்தில் கிணற்றடிக்குப் போனால் தேனைக் கொட்டினது போல இருக்கும். மாமியார் ஒரு பூவைக் கிள்ளி அடியை உறிஞ்சிப் பார்த்துவிட்டு, "சக்கரை இல்லாத காலத்துல இதாவது கெடைக்குதே" என்றார்.

என் வீட்டுக்காரருக்கு விஷயம் எட்டியது. உடனே அது அவருடைய கொடி ஆகிவிட்டது.

புதுக்கோட்டையில் சமஸ்தானத்து அதிகாரி ஒருவரை இவருக்குத் தெரியும். அந்த அதிகாரிக்கு இவரைத் தெரியுமா என்பது வேறு. கொடியைக் காட்ட அவரைக் குடும்பத்தோடு அழைத்தார்.

"சாயங்காலமா வரச் சொல்லுங்க. பகல்ல வாசனை இருக்காது" என்றேன்.

"பூவுக்குக் கடிகாரமா தெரியும்? ஒனக்கு ஒண்ணும் தெரியாது, சும்மா இரு." சாயங்காலம் இவர் கொல்லைக்கு வந்திருந்தால்தானே தெரியும்! அது சீட்டாட்ட நேரம்.

காலையில் வருவதாக ஏற்பாடு. அந்தச் சமயம் பெட்ரோல் கிடையாது, கரியைப் போட்டு ஓட்டுகிற கார். வழியில் அது இரண்டு இடத்தில் நின்று, அவர்கள் வந்து சேரும்போது உச்சி வெயில். அதிகாரியின் முகத்தில் கரி. அவர் மனைவி பட்டுப்புடவையோடு கொல்லைச் சேற்றில் கால் வைத்தார். இவர் கொடியின் முன்னால் நின்று இங்கிலீஷில் ஏதோ சொல்லிவிட்டு, "வாசனையைப் பாருங்க" என்றார். அதிகாரி குனிந்து மோந்தார். நிமிர்ந்தார். மறுபடி மோந்தார்.

"சோப்பு வாசனையில்ல வருது?"

பக்கத்தில்தானே குளிக்கிற தண்ணீர் ஓடுகிறது. அந்த அம்மாள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு முருங்கை மரத்தைப் பார்த்தார். போகும்போது முருங்கைக்காய் மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டார்.

கார் தெரு முனை தாண்டியதும் இவர் என்னிடம் வந்தார். "அந்தச் சனியனை வெட்டிப் போடு."

"மாட்டேன்."

"என்னது?"

"வெட்டணும்னா நீங்க வெட்டுங்க. அருவா அந்தா கெடக்கு."

மாமியார் கூடத்தில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். மகனுக்காக ஒரு வார்த்தை பேசுவார் என்று எதிர்பார்த்தேன். கீரையிலிருந்து கண்ணை எடுக்காமல், "அவ சொல்றது சரிதான். ஒன் கையால செஞ்சாத்தான ஒனக்குத் திருப்தி" என்றார்.

அரிவாளை எடுத்துக்கொண்டு போனார். கன்னாபின்னாவென்று வெட்டினார். முருங்கையில் கூடு கட்டியிருந்த முசுறு எறும்பு கழுத்துக்குள் இறங்கியதும் அரிவாளைப் போட்டுவிட்டு, வேட்டியை உதறிக்கொண்டு உள்ளே ஓடிவந்தார். நான் வேப்பெண்ணெய் எடுத்துக் கொடுத்தேன். தடவிவிடவில்லை.

வெட்டின கொடி அடுத்த மழைக்கு இரண்டு மடங்காகத் தழைத்தது. அந்த ஜாதிக்கு வெட்டு பட்டால்தான் வேகம் வரும். அந்த வருஷம் பூத்த பூ கிணற்றடியையே மூடியது. தெருப் பெண்கள் சாயங்காலம் வாசனைக்காகவே எங்கள் கிணற்றடியில் வந்து உட்கார ஆரம்பித்தார்கள். கேட்டவர்களுக்கெல்லாம் வேர்விட்ட துண்டு கொடுத்தேன், எங்கே நடணும் என்றும் சொன்னேன். சில வீட்டில் பிழைத்தது, பல வீட்டில் செத்தது.

ஒருநாள் கீரமங்கலத்திலிருந்து விருந்தாளி ஒருவர் வந்திருந்தார். இவர் அவரைக் கொல்லைக்குக் கூட்டிப்போய்க் கொடியைக் காட்டுவது அடுப்படியில் எனக்குக் கேட்டது.

"இதுக்குக் கவாத்து ரொம்ப முக்கியமுங்க. காலம் பார்த்து, கணு பார்த்து வெட்டணும். எல்லாருக்கும் அந்தக் கை வராது. போன வருஷம் நானே நின்னு வெட்டுனேன். இப்பப் பாருங்க எப்படிப் பூத்திருக்குன்னு!"

விருந்தாளி வாயைப் பிளந்துகொண்டு கேட்டார். ரசம் கொதிக்க ஆரம்பித்திருந்தது. நான் அடுப்பைத் தணித்துவிட்டு இரண்டு பேருக்கும் இலை போட்டேன்.