கோலியாத்து வாங்கிக் கொடுத்த தண்ணீர்

யாழ்ப்பாணத்தில் பிறந்துவிட்டு தர்மபுரியில் கணக்கு வாத்தியாராக இருந்தால், எத்தனை வருஷம் ஆனாலும் பெயர் 'சிலோன்காரர்'தான். அது இரண்டாம் உலக யுத்த காலம். கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போகலாமென்றால் கப்பல் நிச்சயமில்லை. அறையில் மல்லாந்து கிடந்த என்னை எங்கள் சபைப் போதகர் பிடித்துக்கொண்டார். கடத்தூர்ப் பக்கம் ஒரு மாந்தோப்பில் வாலிபர் முகாம் நடத்துகிறாராம், ஒத்தாசைக்கு ஆள் வேண்டுமாம்.

"எனக்கு என்ன தெரியும், ஐயரே?" என்றேன். போதகரை நாங்கள் அப்படித்தான் அழைப்பது.

"உயரமா இருக்கீங்க. போதும்" என்றார்.

அதன் அர்த்தம் தோப்புக்குப் போன பிறகுதான் புரிந்தது. கூடாரம் கட்ட ஏணி கிடையாது.

அந்த வருஷம் மழை ஏமாற்றிவிட்டது. முகாம் ஆரம்பித்த இரண்டாம் நாளே தோப்புக் கிணறு சேறாகிவிட்டது. பக்கத்தில் தண்ணீர் இருந்த கிணறு ஒன்றே ஒன்று. அது ஊர்க்கவுண்டருடையது. போதகர் போய்க் கேட்டார். கவுண்டர் வெற்றிலையை மென்று முடித்து, "யோசிச்சுச் சொல்றேனுங்க" என்றார். அந்தப் பதிலோடு திரும்பி வந்த போதகரின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. இந்த முகாமுக்காகச் சபை மேலிடத்தில் வருஷக்கணக்காக மன்றாடியவர் அவர். மறுநாள் காலைக்குள் தண்ணீர் கிடைக்காவிட்டால் பையன்களை வீட்டுக்கு அனுப்பவேண்டியதுதான். அப்படி ஒரு தடவை கலைந்த முகாமுக்கு அடுத்த வருஷம் யார் அனுமதி தருவார்கள்?

"இன்னிக்கு சாயங்காலம் நம்ம நாடகத்துக்கு ஊரையே அழைச்சிருக்கேன். கவுண்டரும் வர்றார். அவர் மனசு குளிரணும்" என்றார்.

நாடகம், தாவீது என்ற ஆட்டிடையப் பையன் கோலியாத்து என்ற ராட்சதனைக் கவண்கல்லால் வீழ்த்தும் வேதாகமக் கதை. ராட்சதன் யாரென்று சொல்லத் தேவையில்லை. சமையல் குண்டானைக் கவிழ்த்து எனக்குக் கிரீடம் வைத்தார்கள். நெருப்புக்கரியில் மீசை. என் தொப்பையைச் சுற்றிச் சாக்கு, சாக்கின்மேல் தகரத் துண்டுகள். கண்ணாடியில் பார்த்தபோது என்னைக் கண்டு நானே கொஞ்சம் மரியாதையாக ஒதுங்கினேன்.

என் கவலையெல்லாம் தாவீதைப் பற்றித்தான். கம்பங்கொல்லையில் குருவி ஓட்டிக் கை தேர்ந்த பையன் அவன். கவணில் கல் வேண்டாமென்று கெஞ்சி, மதியம் மீந்த கேழ்வரகுக் களியை உருட்டிக் கொடுத்தேன். ஆறின களி எவ்வளவு கெட்டி என்பது யாழ்ப்பாணத்தானுக்கு எப்படித் தெரியும்? உருண்டை நெற்றியில் வந்து 'பத்' என்று ஒட்டிக்கொண்டது. நடிக்கவேண்டிய சிரமமே இல்லாமல் விழுந்தேன்.

கைதட்டல் எதிர்பார்த்தேன். சத்தமே இல்லை. பிறகு பல காலடிகள் மேடையை நோக்கி வந்தன. அரைக்கண்ணைத் திறந்தேன். கவுண்டரின் சம்சாரம் முன்னால் நின்றார். ஒரு கையில் துடைப்பம், மறு கையில் முறம். அவருக்குப் பின்னால் பெண்களின் வரிசை.

"எந்திரிங்க சாமி. ஆளுக்கு ஒண்ணு போடுங்க" என்றார்.

அந்தப் பக்கத்து ஊர்களில் பாரதக் கூத்து நடத்தி, முடிவில் துரியோதனனைப் படுகளத்தில் சாய்ப்பார்கள். விழுந்த துரியோதனன் எழுந்து, துடைப்பத்தாலும் முறத்தாலும் வருகிறவர்களை ஓர் அடி அடிப்பான். அடி வாங்கினால் பீடை போய்விடும்.

"இந்த வருசம் மழையுமில்லை, பாரதமுமில்லீங்க. ஊரே ஒரு அடி வாங்காம கெடக்குது. எனக்குத் தோள்பட்டையைத் தூக்க முடியலை" என்றார் அந்த அம்மாள்.

"அம்மா, இவர் துரியோதனன் இல்லை, கோலியாத்து" என்றார் போதகர் பதறிப்போய்.

"யாரா இருந்தா என்னுங்க? அண்ணந்தம்பி சண்டையில வுழுந்தவருதானே?"

"இல்லை அம்மா, இது வேற சண்டை."

"வுழுந்தாருங்களா இல்லீங்களா?"

விழுந்ததை மறுக்க முடியாது. போதகர் குனிந்து என் காதில், "அடிச்சிடாதீங்க. மேலிடத்துக்குத் தெரிஞ்சா என் கதி என்ன?" என்றார்.

"நான் செத்துப்போன ஆள், ஐயரே. என்னிடம் கேட்டால் எப்படி?"

கூட்டத்தின் பின்வரிசையில் கவுண்டர் கையைக் கட்டிக்கொண்டு எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். போதகரும் அதைக் கவனித்தார். தொண்டையைச் செருமிக்கொண்டு பையன்கள் பக்கம் திரும்பினார்.

"எல்லாரும் கண்ணை இறுக்கி மூடுங்க. ஜெபம் பண்ணுவோம்" என்று சொல்லி முதல் ஆளாகத் தன் கண்ணை மூடிக்கொண்டார்.

நான் எழுந்து முறத்தை வாங்கினேன். பெண்ணைக் கை நீட்டி அடித்துப் பழக்கமில்லை. தூசி தட்டுகிற மாதிரி லேசாக ஒன்று தட்டி, "சுகமாப் போங்கோ" என்றேன். அம்மாள் திரும்பிப் பார்த்து, "சாப்புடலீங்களா?" என்றார். அடுத்தது கொஞ்சம் பலமாக விழுந்தது.

போதகர் மழைக்காக ஜெபித்தார். யுத்தம் முடிய ஜெபித்தார். ஆமென் சொல்ல வாயெடுக்கும்போதெல்லாம் முறச் சத்தம் கேட்கும். உடனே இன்னொரு தேசத்துக்குப் போய்விடுவார். ஆப்பிரிக்கா, சீனா, பிறகு கடலில் போகும் மாலுமிகள். பூமியில் அவருக்கு மிச்சம் அதிகமில்லை.

கடைசியாகக் கவுண்டரே வந்தார். தோள்துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக் குனிந்தார். "பொம்பளைங்களுக்குப் போட்ட மாதிரி போடாதீங்க."

தாகத்தில் இருக்கும் பையன்களை நினைத்துக்கொண்டு ஓங்கி ஒன்று வைத்தேன். முறத்தின் விளிம்பு பிய்ந்துவிட்டது. கவுண்டர் நிமிர்ந்து, முதுகை இரண்டு தரம் அசைத்துப் பார்த்தார்.

"வெள்ளென கெணத்துல மாடு கட்டி கமலை பூட்டச் சொல்றேன். பசங்களைக் குடத்தோட அனுப்புங்க" என்றார்.

"ஆமென்" என்றார் போதகர்.

மறுநாள் காலை முதல் வாளித் தண்ணீர் என் நெற்றிக்குத்தான் செலவானது. காய்ந்த களி லேசில் வருவதாயில்லை. போதகரே தேங்காய் நாரால் தேய்த்துவிட்டார். நடந்ததைப் பற்றிக் கண்ணை மூடிக்கொண்டிருந்தவரிடம் என்ன பேசுவது?

வெகுநேரம் தேய்த்த பிறகு, "அடுத்த வருஷம் சண்டைக் கதை வேண்டாம். யோனா போடுவோம். கடல்ல விழுந்தவரை ஒரு பெரிய மீன் முழுங்கி, அப்புறம் கரையில் கக்குது. யாரும் சாகறதில்லை" என்றார்.

நல்ல யோசனை என்று தலையாட்டினேன். அவர் நாரைக் கீழே வைத்துவிட்டு, இடுப்பில் சுற்றியிருந்த துண்டுக்கு மேல் தெரிந்த என் தொப்பையையே பார்த்துக்கொண்டிருந்தார்.