பாதி துடைத்த ரோபோ

எங்கள் வீட்டு டிவி ஷோகேஸில் ஒரு ஜாண் உயரத்துக்கு ஒரு பிளாஸ்டிக் ரோபோ நிற்கிறது. வெள்ளையும் நீலமுமான உடம்பு. வலது கை முஷ்டி மட்டும் ஈறு நிறத்தில் இளஞ்சிவப்பு. அதன் இடது பாதி பளிச்சென்று இருக்கும், வலது பாதியில் தூசி படிந்து கிடக்கும். வீட்டுக்கு வருகிறவர்கள், துடைக்கிறதுதான் துடைக்கிறீர்கள், முழுசாகத் துடைக்கக் கூடாதா என்று கேட்பார்கள். என் மனைவி சமையலறைக்குள் போய்விடுவாள். நானும் பேச்சை மாற்றிவிடுவேன்.

அதை நானும் மாமாவும் சேர்ந்து செய்தோம். மாமா என்றால் என் அக்காவின் கணவர். சிதம்பரத்தில் ஒரு லேபில் இருவருக்கும் வேலை. பல் டாக்டர்கள் எடுத்து அனுப்பும் அச்சை வைத்துப் பல்செட் செய்து கொடுக்கும் இடம் அது. நான் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து, வருவதையும் போவதையும் பதிகிறவன். அவர் மெழுகு ஈறில் பல் அடுக்குகிறவர். காலையில் கடலூர் முதுநகரில் ஒன்றாகப் பஸ் ஏறுவோம். ஜன்னல் சீட்டு எப்போதும் அவருக்கு. ஆலப்பாக்கம் வருவதற்குள் தூங்கிவிடுவார், பி.முட்லூரில் தானாக விழித்துக்கொள்வார். அவர் அடுக்கும் வரிசையில் ஏதாவது ஒரு பல் துளி சாய்ந்திருக்கும். வேண்டுமென்றே சாய்ப்பார். "ரொம்ப நேரா இருந்தா பொய்ப்பல்லுன்னு காட்டிக் குடுத்துடும் மச்சான்" என்பார். மாவட்டத்தில் எத்தனையோ பேர் அந்தச் சாய்ந்த பல்லோடு தைரியமாகச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

2009இல் எனக்கு ஒரு வலைப்பூ இருந்தது. பேனா, பிரியாணி, செருப்பு என்று கையில் கிடைத்த எதையும் விமர்சனம் செய்து மதிப்பெண் போடுவேன். நூறு பேர் படித்தால் அதிகம். ஆனால் தலைக்கனத்துக்கு மட்டும் குறைவில்லை, யாருக்காகவும் வளைந்து கொடுக்காதவன் என்று என்னைப் பற்றி நானே எழுதிக்கொண்டேன். அந்தச் சமயத்தில்தான் சிங்கப்பூரில் இருந்த நண்பன் ஒரு ரோபோ கிட் அனுப்பினான். பெட்டி நிறைய சட்டம் சட்டமாகப் பிளாஸ்டிக், அதில் காய் காய்த்த மாதிரி பாகங்கள். குறிப்புப் புத்தகம் முழுக்க ஜப்பானிய மொழி. படத்தைப் பார்த்துத்தான் செய்ய வேண்டும்.

நான்கைந்து ஞாயிற்றுக்கிழமைகள் அக்கா வீட்டுக் கூடத்தில் பேப்பர் விரித்து உட்கார்ந்தோம். பாகங்களை நகவெட்டியால் வெட்டினோம், மாமா லேபிலிருந்து கொண்டுவந்த உப்புத்தாளால் பிசிறு தேய்த்தோம். "ரெண்டு எருமமாடும் பொம்ம வெச்சினு வெளையாடுது பாரு" என்று அக்கா போகும்போதும் வரும்போதும் சொல்வாள். வலது கை முஷ்டி தெறித்து வாசல் சாக்கடையில் விழுந்தபோது நான் தலையில் கைவைத்துக்கொண்டேன். மாமா அடுத்த வாரமே மெழுகில் ஒரு முஷ்டி செதுக்கி, பல்செட்டின் ஈறுக்கு ஊற்றும் சிவப்புப் பொடியில் வார்த்துக் கொண்டுவந்தார். ஐந்து விரலும் கணுக்கணுவாகத் தெரிந்தன. அது போய் மணிக்கட்டில் டக்கென்று உட்கார்ந்தது.

கடைசி வேலை மைக்கோடு. ரோபோவின் உடம்பெங்கும் மயிரிழை போலப் பள்ளங்கள் இருக்கும். அவற்றில் மெல்லிய பேனாவை ஓட்டினால் நிஜ இரும்புத் தகடுகளைச் சேர்த்த மாதிரி தெரியும். "எடது பக்கம் நீ போடு, வலது பக்கம் நான் போடறேன்" என்றார் மாமா. நான் அரை மணியில் முடித்துவிட்டேன். அவருக்கு மதியம் முழுக்கப் பிடித்தது. வலது மணிக்கட்டை இடது கையால் பிடித்துக்கொண்டு, மூச்சை அடக்கி அடக்கிப் போட்டார். கோடுகள் பள்ளத்தை விட்டு வெளியே நெளிந்திருந்தன. "என்னா மாமா, ஒண்ணாங்கிளாஸ் புள்ள கோடு போட்ட மாதிரி இருக்குது?" என்று சிரித்தேன். அவர் ரோபோவை ஜன்னலருகே கொண்டுபோய் இரண்டு பக்கத்தையும் மாறி மாறி வெகுநேரம் பார்த்தார். "பரவால்ல" என்று மட்டும் சொன்னார்.

அன்றே படங்களோடு விமர்சனம் எழுதினேன். பாகங்கள் பொருந்தும் விதம், பத்துக்கு ஒன்பது. வீட்டிலேயே செய்த முஷ்டி, பத்துக்குப் பத்து. வலது பக்கக் கோடுகள், பத்துக்கு மூன்று. 'இது கிட்டின் குறை அல்ல, செய்தவர் கையின் குறை; அவர் பல் அடுக்குகிற எங்கள் மாமா' என்று வேடிக்கையாக ஒரு வரி. பக்கத்தில் வலது தோளை நெருக்கமாக எடுத்த படம். 'அவரிடம் பல் கட்டினால் கடைவாய்ப் பல் முன்னால் வந்துவிடுமா?' என்று பின்னூட்டத்தில் ஒருவர் கேட்டிருந்தார். நான் சிரிப்புக்குறி போட்டேன்.

திங்கட்கிழமை அதை லேப் கம்ப்யூட்டரில் திறந்து முதலாளிக்கும் காட்டினேன். யாரும் கேட்கவில்லை, நானாகக் காட்டினேன். அவர் சிரித்துக்கொண்டே படித்தார். வலது தோள் படத்தைப் பெரிதாக்கியதும் சிரிப்பு நின்றது. மாமாவைக் கூப்பிட்டு ஒரு தாளும் பேனாவும் கொடுத்தார். "ஒரு கோடு போடுங்க, பாப்போம்." மாமா முதலில் திரையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். பிறகு கோடு போட்டார்.

முதலாளியைக் குறை சொல்ல மாட்டேன். அவர் மாமாவை வேலையை விட்டு அனுப்பவில்லை. மெழுகு மேசையை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டு, செய்து முடித்த பல்செட்டுகளைக் காட்டுமன்னார்கோயிலுக்கும் பண்ருட்டிக்கும் கொண்டுபோய்க் கொடுக்கிற பையை மாமாவிடம் கொடுத்தார். சம்பளம் பாதியானது. அந்த வாரம் அக்கா என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"ஒரு வருசமா அவுரு கை நடுங்குதுடா. மெழுகுல தப்பு வந்தா சூடு காட்டித் திருத்திக்குவாரு, யாருக்கும் தெரியாது. மையில திருத்த முடியாதுன்னுதான் அந்தப் பொம்மையில போட்டுப் பாத்தாரு. உன் கைக்கும் அவுரு கைக்கும் எவ்ளோ வித்தியாசம்னு பாத்தாரு. பொண்ணு நர்சிங் முடிக்கற வரைக்கும் தாங்கும்னு அன்னிக்கு என்கிட்ட சொன்னாரு. நீ அதப் போயி ஊருக்கே காட்டிட்ட."

அன்றே அந்தப் பதிவை அழித்தேன். அதற்குப் பிறகு எதையும் விமர்சனம் செய்து எழுதவில்லை. மாமாவின் மகள் முதல் வருடத்தோடு நர்சிங்கை நிறுத்திவிட்டுக் கடலூரில் ஒரு துணிக்கடையில் சேர்ந்தாள். நான் பணம் கட்டுகிறேன் என்றதற்கு மாமா சம்மதிக்கவில்லை. ஒரு நாள் பஸ்ஸில் மன்னிப்புக் கேட்டேன். "நீ எழுதுனதுல பொய் ஏதும் இல்லியே மச்சான்" என்றார். கொஞ்ச தூரம் போன பிறகு, "எங்கிட்ட ஒரு தடவ காமிச்சிட்டுப் போட்டிருக்கலாம்" என்றார். அன்றைக்கு அவர் சிதம்பரம் வரை தூங்கவில்லை.

2012இல் நெஞ்சுவலி வந்து மாமா போய்விட்டார். என் எழுத்து அவரைக் கொன்றது என்று சொன்னால் அது மிகை. ஆனால் கடைசி மூன்று வருடங்கள் அந்தக் கைகள் பல் அடுக்காமல் பை தூக்கினதற்கு நான்தான் காரணம். பஸ்ஸில் வயதானவர் யாராவது சிரித்தால் இப்போதும் சாய்ந்த பல் இருக்கிறதா என்று பார்க்கிறேன். ரோபோவின் இடது பக்கத்தைத் துடைத்துத் துடைத்து, நேராக இருந்த என் கோடுகள் அழிந்துவிட்டன. வலது பக்கத்தில் துணி வைக்க எனக்கு மனம் வருவதில்லை.

போன மாதம் மாமாவின் மகள் தன் பிள்ளைகளோடு வந்திருந்தாள். ஷோகேஸைத் திறந்து ரோபோவை எடுத்தாள். என்னால் அடக்க முடியவில்லை. உன் படிப்பு நின்றதற்குக் காரணம் நான்தான், இதைப் பற்றி நான் எழுதியதுதான் என்று சொல்லிவிட்டேன்.

"தெரியும் மாமா. நீங்க அதை அழிக்கறதுக்கு முன்னியே அப்பா என்னைப் பிரவுசிங் சென்டருக்குக் கூட்டினு போவச் சொல்லி, பிரிண்ட் எடுத்து வெச்சிக்கினாரு. இன்னும் பீரோவுல இருக்குது."

அதை ஏன் எடுத்து வைத்தார் என்று கேட்டேன்.

"முஷ்டிக்குப் பத்துக்குப் பத்து போட்டிருந்தீங்களே. அது அடியில பேனாவால கோடு போட்டு வெச்சிருக்காரு."

அந்தக் கோடு எப்படி இருக்கும் என்று நான் கேட்கவில்லை. அவள் ரோபோவின் வலது தோளை வாயருகே வைத்து மெதுவாக ஊதினாள். தூசி பறந்தது. மாமா போட்ட கோடுகள், ஒன்றுகூட அழியாமல், நெளிந்து நெளிந்து அப்படியே இருந்தன.